கர்ணன் ஏட்டையா குனிந்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோதிலட்சுமி காக்கி பேன்ட்டை ஓங்கித் துவைகல்லில் அடித்தபோது கல் கணீரென்றது. துணிக்கு அப்படிச் சத்தம் வராது. பித்தான் பட்டால் ஒரு சத்தம், பெல்ட் பூட்டு மாட்டிக்கொண்டால் ஒரு சத்தம். இருபத்து நாலு வருஷமாகப் போலீஸ்காரர் துணியைத் துவைக்கிறவளுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். இது இரண்டிலும் சேர்த்தி இல்லை.

ஊறப் போடுவதற்கு முன்னால் பைகளை உதறிப் பார்ப்பது அவள் வழக்கம். பஸ் டிக்கெட், பாதி தின்ற கடலை மிட்டாய், ஒரு தடவை கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டிய பீரோச் சாவி என்று எத்தனையோ எடுத்திருக்கிறாள். ஆனால் நேற்றுச் சாயங்காலம் தெருவே வீட்டுக்குள் வந்திருந்தது. ஆளாளுக்கு ஏட்டையா கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்த அவசரத்தில், வெள்ளிக்கிழமை கழற்றிப் போட்ட சேறு அப்பிய பேன்ட்டை அப்படியே சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டாள்.

இப்போது பைக்குள் கையை விட்டாள். விரல் நீளத்தில் மூன்று பித்தளைக் குப்பிகள் வந்தன. சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் கூடுகள். ராத்திரி முழுக்கச் சோப்பில் ஊறியதில் குத்துவிளக்கு மாதிரி மின்னின.

இந்த மூன்றையும்தான் பன்னிரண்டு போலீஸ்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஜெய்லானியின் வாழைத் தோப்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பூராவும் அவர்களுக்கு முன்னால் நின்று, இங்கன பாரு, அங்கன பாரு என்று தேடவைத்தவர் அவள் வீட்டுக்காரர் கர்ணன்தான்.

கர்ணன் கம்பத்துக்காரர். போலீசில் இருபத்தாறு வருஷ சர்வீஸ், இப்போது ஏட்டு. மனுஷர் சாது. திருடனைப் பிடித்தால்கூட, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றுவார். துப்பாக்கிக்கும் அவருக்கும் உள்ள உறவு வருஷத்துக்கு ஒரு நாள். மலையடிவாரத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், படுக்கவைத்து, பத்து ரவுண்டு சுடச் சொல்வார்கள். சுட்டு முடித்ததும் எழுந்து, தன் பக்கத்தில் தெறித்து விழுந்த பத்துக் கூடுகளையும் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறி தப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். கூடு தப்பினால் கேட்பார்கள்.

சர்வீசில் சேர்ந்த ஆறாவது வருஷம் அவருக்கு ஒன்று தப்பிவிட்டது. பத்துக்கு ஒன்பதுதான் இருந்தது. நாற்பது பேர் இருட்டும்வரை புல்லைப் பிடுங்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. மெமோ வந்தது, சம்பள உயர்வு ஆறு மாசம் நின்றது. அன்றையிலிருந்து கர்ணனுக்குக் கீழே கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வீட்டில் நிலக்கடலை உரித்தால் தோலை எண்ணி அடுக்குவார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் கீழே போட்ட மிளகாயை எடுத்து அவர் இலையிலேயே திருப்பி வைத்து, ஏச்சு வாங்கியிருக்கிறார்.

போன மாசம் இன்ஸ்பெக்டர் இவாஞ்சலின் வந்தார். துப்பாக்கிச் சண்டையில் போலீஸ்காரனுக்கு மனசு எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி. கர்ணன் அங்கே படித்ததை எல்லாம் வீட்டில் வந்து ஜோதிலட்சுமிக்கு நடத்தினார். எதிராளி சுட ஆரம்பித்தால் காது அடைத்துப்போகுமாம். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்குமாம், பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாதாம். அந்த நேரத்தில் நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விட வேண்டுமாம். ஜோதிலட்சுமி கேட்டுக்கொண்டே முறுக்குப் பிழிந்தாள்.

இரண்டாம் நாள் மறைவைப் பற்றிய பாடம். நம்மை மறைக்கிற பொருள் வேறு, குண்டைத் தடுக்கிற பொருள் வேறு என்று சொல்லிவிட்டு, கர்ணன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவள் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த பீரோவைத் தட்டிவிட்டு, இது ஒண்ணுக்கும் ஆகாது, குண்டு அந்தப் பக்கமாப் போயிரும் என்றார். கட்டில், பிரிட்ஜ், டிவி எல்லாம் தோற்றன. கடைசியில் கிரைண்டர் கல் மட்டும் பாஸ். எவனாவது சுட வந்தால் ரெண்டு பேரும் கிரைண்டருக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று தீர்மானமானது. அந்த ஒரு கல்லுக்குப் பின்னால் தன் உடம்பில் எந்தப் பாகம் மறையும் என்று அவள் கேட்டாள்.

மூன்றாம் நாளிலிருந்து அடுப்படிக்குள் நேராக வருவதை விட்டுவிட்டார். வாசல் சுவரோரம் ஒட்டி நின்று, ஒரு கண்ணை மட்டும் நீட்டி, மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார். தண்ணீர் குடிக்க வருகிறவர் இப்படி வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிற்காது. ஒரு நாள் பயத்தில் அவள் கையிலிருந்த கரண்டி ரசம் அவர் சட்டையில் விழுந்தது. முதல் அடி எதிராளியுடையது என்று ஒப்புக்கொண்டு போய் சட்டையை மாற்றினார்.

அந்த இன்ஸ்பெக்டரம்மா சொன்னதில் ஒன்று மட்டும் அவள் மனசில் தங்கிவிட்டது. சண்டை என்று வந்தால் மூளை லீவு போட்டுவிடும். கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சண்டை வந்தேவிட்டது. ஜெய்லானியின் தோப்பில் சுருளி என்று ஒரு காவல்காரர். காட்டுப் பன்றி விரட்ட லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஜெய்லானி, பன்றி வந்தால் தானாகவே நாய் மாதிரியும் புலி மாதிரியும் கத்துகிற மெஷின் ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். சுருளிக்குப் பொறுக்கவில்லை. மெஷினைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, துப்பாக்கியோடு மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கிட்டே வருகிறவனைப் பன்றி என்று நினைத்துச் சுடுவேன் என்று ஜன்னல் வழியாக அறிவித்தார்.

போலீஸ் போனது. பேசிப் பார்த்தார்கள். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் கர்ணனிடம், மோட்டார் ரூமுக்கு மேலே வானத்தைப் பார்த்து மூன்று ரவுண்டு சுட்டுப் பயம் காட்டச் சொன்னார். கர்ணன் ஒரு செவ்வாழையை ஒட்டி நின்று மூன்று ரவுண்டு சுட்டார். மூன்றாவது வெடித்த சூட்டோடு ஜன்னலிலிருந்து சுருளி சுட்டார். கர்ணன் தலை இருந்த உயரத்தில் தொங்கிய வாழைத்தார் சிதறி, பழம் நாலு பக்கமும் பறந்தது. ஆனால் தலை அங்கே இல்லை. ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால் கர்ணன் குனிந்திருந்தார். நாட்டுத் துப்பாக்கியில் மறுபடி மருந்து இடிக்க நேரமாகும். அதற்குள் மற்றவர்கள் கதவை உடைத்து சுருளியைத் தூக்கிவிட்டார்கள்.

பேப்பரில் வந்தது: குண்டு வருவதைக் கணித்து நொடியில் குனிந்த ஏட்டு. அதைக் கர்ணன் பதினோரு தடவை படித்தார். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் திரிஷா அதைத் தன் செல்லில் ஸ்டேட்டஸ் வைத்தாள். மெடலுக்கு எழுதிப் போடுகிறார்கள் என்று பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, மலைப் பாதைகளில் கஞ்சா கடத்துகிறவர்களைப் பிடிக்கப் புதிதாகச் சேர்க்கிற ஆயுதக் குழுவில் முதல் பெயர் அவருடையது. நிம்மதியான வேலை என்று லோயர் கேம்ப் சோதனைச் சாவடிக்கு அவர் மாற்றல் கேட்டுப் போட்டிருந்த மனு, கேட்பாரில்லாமல் கிடந்தது.

ஜோதிலட்சுமி ஈரக் கையோடு உள்ளே வந்து, அவர் தின்றுகொண்டிருந்த இட்லித் தட்டின் ஓரத்தில் மூன்று கூடுகளையும் வரிசையாக வைத்தாள்.

கர்ணன் குனிந்து பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார்.

“எங்கன கெடந்துச்சு?”

“உங்க பேன்ட்டுப் பையில.”

கையில் இருந்த இட்லியைத் தட்டில் போட்டார். தான் எடுக்கவில்லை என்றார். எடுத்ததாக ஞாபகமே இல்லை என்றார். சுட்டது ஞாபகம் இருக்கிறது, பிறகு வாழைப்பழம் கழுத்தில் வழிந்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. அப்புறம் தானாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். “கை எடுத்திருச்சு ஜோதி” என்றார், பக்கத்து வீட்டுப் பையன் கல்லெறிந்துவிட்ட மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்று நிதானமாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஆயுசு ரெண்டு நாள்தானா என்றார். அதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

அவர் யோசனை என்னவென்றால், சாயங்காலம் தோப்புக்குப் போய் மூன்றையும் வாழைச் சருகுக்குள் போட்டுவிடுவது. நாளைக்குத் தேடுகிறவர்கள் கையில் அகப்படும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மெடல் வரும்.

ஜோதிலட்சுமி வேறு கணக்குப் போட்டாள். மெடலோடு ஆயுதக் குழுவும் வரும். முன்னால் நிறுத்துவார்கள், குண்டு வருவதைக் கணிக்கிறவர் ஆயிற்றே. அங்கே சுடுகிறவன் சுருளி மாதிரி ஒற்றைக் குண்டோடு நிற்க மாட்டான். இவர் மூன்று சுட்டுவிட்டு மலைப் பாதையில் குனிந்து கூடு பொறுக்குவார்.

“சுருளி மேல சுட்டாரு, நீங்க கீழ குனிஞ்சீக, பொழைச்சீக. அடுத்தவன் கீழ சுட்டா?”

கர்ணன் கை கழுவ எழுந்தார்.

அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. வாழைப்பழம் வாங்கப் போகிற மாதிரி தானும் கூட வருவதாகச் சொல்லி, ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தோப்பில் அன்றைக்குத் தேடுகிற ஆட்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று விட்டிருந்தார்கள். ஜெய்லானி வரப்பில் நின்று அழுது வடிந்தார். ஜோதிலட்சுமியை ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளையாகத் தெரியும் அவருக்கு. “சுருளி சுட்டதுல ஒரு தார் போச்சு தங்கச்சி. உங்க ஆளுக தேடுனதுல ஒம்பது கன்னு போச்சு. சுருளியே பரவால்லைன்னு ஆயிருச்சு” என்றார். சுருளியை ஜாமீனில் எடுக்கத் தானே வக்கீல் வைத்திருப்பதாகவும், கிணற்றில் கிடக்கும் மெஷின் ராத்திரியில் தண்ணீருக்குள்ளிருந்து குரைப்பதாகவும் சொன்னார். அவரைப் பேச்சில் நிறுத்திவைப்பது அவள் வேலை.

பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். கர்ணன் அந்தச் செவ்வாழைக்குப் பக்கத்தில் போனார். சுற்றிலும் பார்த்தார், இவாஞ்சலின் சொன்னபடி மூலை மூலையாக. ஒரு கூட்டைக் கீழே போட்டார். நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி வந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சரி, சருகு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வேறு மரத்தடிக்குப் போய் இரண்டைப் போட்டார். இந்தத் தடவை ஆறு எட்டு. கழுத்துக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி திரும்பினார், குனிந்தார், எடுத்தார், எண்ணினார். மூன்றாம் தடவை கூடுகளைப் போட்டுவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விடுவது வரப்பு வரைக்கும் கேட்டது. வாய்க்கால் ஓரம் வரை போய்விட்டார். போட்டுவிட்டாரே, இனி மெடல்தான், மலைதான் என்று நினைத்தாள்.

அவர் திரும்பி ஓடிவந்தார். அந்த வயிற்றோடு அவர் ஓடி அவள் பார்த்து வெகு காலம் ஆயிற்று.

“ஏட்டையா என்னத்தத் தேடுறாக?” என்று ஜெய்லானி கேட்டார்.

“வயசாயிருச்சுண்ணே. குனிஞ்சு நிமிந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக” என்றாள் ஜோதிலட்சுமி. ஜெய்லானி அதை நம்பியதோடு, தனக்கும் முட்டி பிடிக்கிறது, எத்தனை தடவை குனிய வேண்டும் என்று விசாரித்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் மடியில் ஒரு சீப்புச் செவ்வாழை. ஊர் நெருங்கும்போது கர்ணன், தரையில் கூடு கிடந்தால் முதுகு அரிக்கிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் கூடுகளை அடுப்படியில் வைத்துவிட்டு விளக்குப் போடுகிற நேரத்தில், வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இவாஞ்சலின். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், உடுப்பில் மடிப்புக் கலையவில்லை, குரலும் அப்படியே. நாளைக்கு நாற்பது புதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்களாம். காலையில் வகுப்பு, மத்தியானம் மைதானத்தில் சுடுவது. வகுப்பில் கர்ணன் பேச வேண்டும். அதற்கு முன்னால் தான் குறித்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். ஆயுதக் குழுப் பட்டியலும் நாளைக்குக் காலையில் மேலே போகிறதாம்.

ஜோதிலட்சுமி டீயையும் முறுக்கையும் வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாள். தான் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அது அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. ஆனாலும் கால் அங்கிருந்து நகரவில்லை.

இவாஞ்சலின் நோட்டைத் திறந்தார். “அந்த ஒரு நொடியில உங்க மனசுல என்ன ஓடுச்சு ஏட்டையா? அதை மட்டும் சொல்லுங்க. பிள்ளைகளுக்கு அதான் வேணும்.”

கர்ணன் முறுக்கைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த பேப்பர் துண்டைப் பார்த்தார். நாலு எண்ணி மூச்சை இழுத்தார். நிறுத்தினார். விட்டார். பிறகு எழுந்து அடுப்படிப் பக்கம் வந்தார். சுவரோரம் ஒட்டாமல், நேராக வந்தார்.

“எதுல வச்ச? வெந்தயத்துலயா, சீரகத்துலயா?”

“வத்தல் டப்பா” என்றாள்.

டப்பாவிலிருந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நிறுத்திவைத்தார். “இதான் ஓடுச்சு மேடம்” என்றார்.

அப்புறம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பழைய மெமோ, பேன்ட்டுப் பை, சோப்புத் தண்ணீர், சாயங்காலம் தோப்பில் மூன்று தடவை போட்டது, மூன்று தடவை எடுத்தது. ஒன்றையும் விடவில்லை. “நீங்க சொன்ன மாதிரியே காது அடைச்சிருச்சு. கண்ணும் ஒரே எடத்துல குத்திட்டு நின்னுருச்சு. ஆனா சுருளியை நான் பாக்கவே இல்ல மேடம். கீழ கெடந்த மூணைத்தான் பாத்தேன்.”

இவாஞ்சலின் சிரிக்கவில்லை. ஒரு கூட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். மிளகாய் நெடி ஏறித் தும்மினார். பிறகு பேனாவால் நோட்டில் ஒரு பெயரை அடித்தார். குழுவுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்கிறேன் என்றார். மெடல் விஷயம் தன் கையில் இல்லை, ஆனால் இதைக் கேட்ட பிறகு யாரும் அதற்கு எழுத மாட்டார்கள். கூடுகள் உடுப்பிலிருந்து கிடைத்தன என்று தானே அறிக்கை கொடுத்துவிடுவாராம். தோப்பில் தேடுவது நாளையோடு நின்றுவிடும். லோயர் கேம்ப் மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

நாளைக்கு வகுப்புக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்று கர்ணன் கேட்டார். கட்டாயம் வர வேண்டும், வந்து இதையேதான் சொல்ல வேண்டும் என்றார் அவர். கை பழகியதைத்தான் செய்யும் என்று தான் மூன்று நாள் தொண்டை கிழியச் சொன்னதை இவர் ஒரே குனிதலில் காட்டிவிட்டாராம். பிள்ளைகள் சிரிப்பார்களே என்றார் கர்ணன். சிரிப்பார்கள் என்று ஒப்புக்கொண்டார் இவாஞ்சலின். கர்ணன் தலையாட்டினார். சுவரில் இருந்த பேப்பர் துண்டின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டினார்; ஒட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு காகித உறை வாங்கி, மூன்று கூடுகளையும் அதில் போட்டார். ஒன்று விளிம்பில் பட்டு நழுவி, டங்கென்று தரையில் விழுந்து உருண்டது. கர்ணன் குனிவதற்குள் இவாஞ்சலின் குனிந்து எடுத்துவிட்டார். அவ்வளவு வேகம். எடுத்து, உறையைத் திறந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்த பிறகுதான் வாசலில் நிற்கிற ஜோதிலட்சுமியைப் பார்த்தார்.

ஜோதிலட்சுமி பவ்யமாகத்தான் கேட்டாள்.

“நாளைக்கு மத்தியானம் மைதானத்துல அந்தப் பிள்ளைக சுடுவாகள்ல மேடம். சுட்டு முடிச்சதும் கூட்டைப் பொறுக்கச் சொல்லுவீகளா, வேணாம்பீகளா?”

இவாஞ்சலின் உறையின் வாயை மடித்தார். இன்னொரு மடிப்பும் மடித்தார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி வெளியே போனார்.